டொரண்டோவுக்கு ரன்னிங் டைம் எவ்வளவு?

மார்த்தாண்டத்தில் டிக்கெட் போட்டுத் தந்த பையன் ஒரு தாளை நீட்டி, "மொத்தம் 22 மணி 40 நிமிஷம் அண்ணாச்சி" என்றான். திருவனந்தபுரத்தில் ராத்திரி எட்டரைக்கு ஏறினால் மறுநாள் காலை, அந்த ஊர் நேரப்படி 9.40-க்கு டொரண்டோ. நடுவில் துபாயில் வண்டி மாற வேண்டும்.

"எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்டேன்.

"பிளைட்டுக்கு யாரு அண்ணாச்சி கிலோமீட்டர் கேக்கா? நேரத்தைத்தானே கேப்பாவ."

நான் கேட்பேன். நாகர்கோவில் – திருவனந்தபுரம் ரூட்டில் 28 வருஷம் கண்டக்டராக இருந்தவன். ஒரு பயணம் என்றால் எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை ஸ்டேஜ், ரன்னிங் டைம் எவ்வளவு. இதில் ரன்னிங் டைம் என்பது தாளில் எழுதிய நேரம். நெய்யாற்றின்கரையில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு நிற்பது அந்தத் தாளுக்குத் தெரியாது. அதனால் அதை முழுசாக நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை. கிலோமீட்டரைத்தான் நம்புவேன். அது எங்கேயும் போகாது.

அன்றைக்குச் சாயங்காலமே பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பூகோள உருண்டையைக் கடன் வாங்கி வந்தேன். வீட்டில் பூ கட்டுகிற நூல் இருந்தது. முதலில் நடுக்கோட்டைச் சுற்றி அளந்து பார்த்தேன்: 96 சென்டிமீட்டர். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர். ஆக, ஒரு சென்டிமீட்டர் நூல் என்றால் ஏறக்குறைய 417 கிலோமீட்டர்.

பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தை மனசில் வைத்து, நூல் அரபிக்கடலைத் தாண்டி ஏமன், சூடான், சகாரா, அட்லாண்டிக் என்று மேற்கே போகும் என்று நினைத்திருந்தேன். ஒரு நுனியைத் திருவனந்தபுரத்தில் என் பெருவிரலால் அழுத்திக்கொண்டு, மறு நுனியை டொரண்டோவில் வைத்து இழுத்தேன். நூல் வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. நான் திரும்பத் திரும்ப ஆப்பிரிக்காவின் மேல் கொண்டுவந்து வைக்கிறேன், தொய்ந்துபோகிறது. டைட்டாக இழுத்தால் மறுபடி வடக்கே ஓடுகிறது. கடைசியில் அது போய் நின்ற வழி இப்படி: மும்பைப் பக்கம், சிந்து, ஏரல் கடல், ரஷ்யா, ஆர்க்டிக் கடல், கிரீன்லாந்து, அங்கிருந்து இறங்கி கனடா. அட்சரேகை 70 டிகிரி வரைக்கும் ஏறிப் போகிறது. நம் ஊர் இருப்பது எட்டரை டிகிரிக்குக் கீழே. டொரண்டோவே 44-க்குள்தான். மேற்கே போக வேண்டியவன் முக்கால்வாசி தூரம் வடக்கே போய்த் திரும்புகிறான். உருண்டையில் அதுதான் குறுக்கு வழி.

நூலை எடுத்து அளந்தால் 33 சென்டிமீட்டர். 13,700 சில்லறை. டொரண்டோவில் இருக்கும் மகள் போனில் ஏதோ கணக்குப் போட்டு, "13,750 வருதுப்பா" என்றாள். பூ நூலுக்கு இது மோசமில்லை.

அப்புறம் துபாய் வழியாக ஒரு நூல். திருவனந்தபுரம் – துபாய் 2,950. துபாய் – டொரண்டோ 11,080. கூட்டினால் 14,030. நேர் வழியைவிட 280 கிலோமீட்டர்தான் கூடுதல், மார்த்தாண்டத்திலிருந்து மதுரைக்குப் போகிற தூரம். 14 ஆயிரத்தில் இது ஒன்றுமே இல்லை. துபாய் என்றால் ஏதோ சுற்றிக்கொண்டு போகிறோம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். போகிற வழியில்தான் கிடக்கிறது அந்த ஊர்.

"இப்ப என்ன, நூலைப் பிடிச்சிட்டே போகப் போறீரா?" என்றாள் வீட்டுக்காரி. முந்திரிக்கொத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவள் கவலை ஆளுக்கு 46 கிலோவுக்குள் கருப்பட்டியும் நேந்திரங்காய் சிப்ஸும் அடங்குமா என்பது.

நாங்கள் கிளம்பிய நாள் பங்குனி ஆராட்டு. பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து சாமி ஊர்வலமாகச் சங்குமுகம் கடற்கரைக்குப் போய்க் கடலில் நீராடித் திரும்பும் நாள். விமான நிலையம் வந்தது 1932-ல். ஊர்வலப் பாதை அதற்கு எவ்வளவோ முந்தியது. அதனால் வருஷத்துக்கு இரண்டு நாள், ஐப்பசியிலும் பங்குனியிலும், ஊர்வலம் ரன்வேயைக் கடந்து போவதற்காகச் சாயங்காலம் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் விமானங்களை நிறுத்தி வைப்பார்கள். யானை முன்னே போக, வாள் ஏந்திய ராஜகுடும்பத்தார் வர, பின்னால் வாகனங்களில் சாமி. உலகத்தில் வேறெந்த ரன்வேயில் இது நடக்கும்? என் சர்வீஸில் ஆராட்டு நாளென்றால் கிழக்கேகோட்டைப் பக்கம் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். திட்டிக்கொண்டே போவேன். சாமிக்காக விமானமே நிற்கிறது, பஸ் எம்மாத்திரம்!

எங்கள் விமானத்தை எட்டரையிலிருந்து 9.45-க்கு மாற்றியிருப்பதாகச் செய்தி வந்தது. துபாயிலிருந்து அடுத்த விமானம் அதிகாலை 3.30-க்குத்தான் என்பதால் அங்கே ஒன்றும் கெடவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 22 மணி 40 நிமிஷமாக இருந்த பயண நேரம் 21 மணி 25 நிமிஷமாகக் குறைந்துவிட்டது. லேட்டாக எடுத்தால் ரன்னிங் டைம் குறைகிறது! இந்த வித்தை தெரியாமல் எத்தனை டைம் கீப்பர்களிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

குழித்துறையில் வீட்டைப் பூட்டியது பகல் ஒன்றரைக்கு. ஊர்வலத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று டிரைவர் அவசரப்பட்டான். காரோடு என்ற ஊரில் பைபாஸ் ஏறி, கோவளம், திருவல்லம் வழியாகச் சாக்கை. சர்வதேச முனையம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. உள்நாட்டு முனையம் ரன்வேக்கு அந்தாண்டை, சங்குமுகத்தில். பழக்கமில்லாதவர்கள் மாறிப் போய்விட்டுப் பெட்டியோடு சுற்றி வருவது இன்றும் நடக்கிறது. பைபாஸ் வழி வேகம்தான். ஆனால் ஒரு ஸ்டேஜும் கண்ணில் படவில்லை. பாறசாலை இல்லை, பாலராமபுரம் இல்லை. எந்த ஊரில் இருக்கிறோம் என்றே தெரியாமல் போய்ச் சேர்ந்தோம்.

துபாய் விமானத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாலு மணி நேரம். முக்கால்வாசிப் பேர் வேலைக்குத் திரும்புகிற பிள்ளைகள், ஏறி உட்கார்ந்ததும் தூங்கிப்போனார்கள். நம்ம ஊர் முதல் டிரிப் பஸ் மாதிரியே இருந்தது. எனக்குப் பிடித்தது அந்த 'டிங்' சத்தம். எங்கள் பக்கத்தில் விசில் ஊதித்தான் வண்டியை எடுப்போம். கேரளா வண்டியில் கயிற்றை இழுத்தால் மணி: ஒரு மணி நிறுத்த, இரண்டு மணி எடுக்க. பெல்ட் விளக்கு அணைந்து 'டிங்' என்றதும் யாரோ இறங்கப் போகிறார்கள் என்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். 28 வருஷப் பழக்கம்.

துபாயில் ஏறியது இரண்டு மாடி விமானம். திருவனந்தபுரத்தில் டபுள் டெக்கர் பஸ் பார்த்திருக்கிறேன். அதையே பெரிசு என்று நினைத்திருந்தேன். இது ஏறக்குறைய ஐந்நூறு பேரை ஏற்றுகிற ஏ380. எங்கள் டிப்போவில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது கே.எம்.பி.எல்., லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது. அது குறைந்தால் டிரைவர் தலை உருளும். ஆகையால் இதற்கும் கணக்குப் போட்டேன். டேங்க் கொள்ளளவு ஏறக்குறைய 3,20,000 லிட்டர். ஒரே மூச்சில் 15,000 கிலோமீட்டர் வரை போகும். வகுத்தால் கிலோமீட்டருக்கு 21 லிட்டர். லிட்டருக்குக் கிலோமீட்டர் இல்லை, கிலோமீட்டருக்கு லிட்டர்! எங்கள் டிப்போ மேனேஜர் கேட்டால் மயங்கி விழுவார்.

ஆனால் நியாயமாகப் பார்க்க வேண்டும். ஐந்நூறு பேருக்குப் பங்கு போட்டால் ஒரு லிட்டரில் ஒரு ஆளை 23 கிலோமீட்டர் கொண்டுபோகிறது. ஒரு ஆள் மட்டும் போகும் காரைவிட இது மோசமில்லை. பஸ் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் என்று வையுங்கள், ஐம்பது பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு 250 கிலோமீட்டர். நின்றுகொண்டு வருகிறவர்களை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயமே.

துபாயில் நட்ட நடு ராத்திரி புறப்பட்டோம். முன்னால் இருந்த திரையில் சின்ன விமானம் ஒன்று வரைபடத்தின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. ஐரோப்பாவுக்கு மேல் எங்கேயோ போகும்போது விடிந்தது. வீட்டுக்காரிக்கு ஜன்னலோரம், இடது பக்கம். இறக்கையின் மேல் பின்னாலிருந்து வெயில் அடித்தது, மஞ்சளாக, சாய்ந்து, நம் ஊரில் வாசல் தெளிக்கிற நேரத்து வெயில். சாப்பாடு வந்தது. தூங்கினோம். எழுந்து பார்த்தால் அதே வெயில். ஐஸ்லாந்துக்குத் தெற்கே இருந்தோம். நான் நடந்துபோய்க் காலை நீட்டிவிட்டு வந்தேன். பக்கத்து ஸீட்டுக்காரர் ஒரு படம் முழுக்கப் பார்த்து முடித்தார். வெளியே அதே வெயில்.

"இந்தச் சூரியன் ஏன் ஏறவே மாட்டேங்கு? தென்னை உயரத்துலயே நிக்குது" என்றாள்.

என் கையிலிருந்த ஹெச்.எம்.டி. வாட்ச் இந்திய நேரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதன்படி மத்தியானம் ஒன்றிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை, அந்த நாலு மணி நேரமும், எங்களுக்குக் கீழே இருந்த இடத்தில் சூரியக் கணக்குப்படி மணி ஏழுதான். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். காரணம் சுலபம். பூமி நடுக்கோட்டில் மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. வடக்கே போகப் போக வட்டம் சிறுத்துவிடும். 60 டிகிரியில் சரிபாதி, 835. எங்கள் விமானம் 62 டிகிரி வரை ஏறிப் போய் மேற்கே 800, 900 என்று ஓடுகிறது. பூமி எந்த வேகத்தில் கிழக்கே சுற்றுகிறதோ அதே வேகத்தில் நாங்கள் மேற்கே ஓடினால் சூரியன் எப்படி ஏறும்? ஏழு மணியோடு நாங்களும் கூடவே ஓடினோம்.

வகுப்பில் இதைச் சொல்லித் தந்தவர்கள் உண்டு. நானும் பரீட்சை எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு வெயில் நாலு மணி நேரம் வீட்டுக்காரியின் மூக்குத்தியில் அதே இடத்தில் மின்னியதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. அவளுக்கும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப இங்க உள்ள பொம்பளைங்களுக்குக் காலைச் சமையல் முடியவே முடியாதா?" என்றாள்.

கிரீன்லாந்தின் தென்முனை ஜன்னலில் வந்தது. வெள்ளை மலை, நீலக் கடல், கடலில் சிதறிய வெள்ளைத் துண்டுகள். யாரோ உப்பளத்தை உடைத்துப் போட்டதுபோல.

டொரண்டோவில் தரை தொட்டது 9.40-க்குச் சரியாக. அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் அதற்கப்புறம் வரிசை, பெட்டி, "கருப்பட்டி என்பது என்ன?" என்று ஒரு அதிகாரிக்கு மருமகன் வராமலே நான் விளக்கியது, 401 நெடுஞ்சாலை. அந்தச் சாலையில் ஒரு பக்கத்துக்கே ஆறேழு வரிசை இருக்கிறது, ஆனாலும் நின்றோம். நெய்யாற்றின்கரையில் நிற்பது போலவேதான், ஹார்ன் சத்தம் மட்டும் இல்லை. ஸ்கார்பரோவில் மகள் வீட்டுக் கதவைத் திறக்கும்போது அங்கே மணி பகல் 12.40. என் வாட்சில் ராத்திரி 10.10.

வீட்டிலிருந்து வீடு: 32 மணி 40 நிமிஷம். தாளில் இருந்ததைவிடப் பத்து மணி நேரம் கூடுதல். இந்தப் பத்து மணி நேரமும் போனது இரண்டு முனையிலும் தரையில்தான். நடு வானத்தில் ஒரு நிமிஷமும் வீணாகவில்லை.

ஐந்து மாதம் இருந்தோம். வாட்சை மாற்றவில்லை. அங்கே கோடையில் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். அந்த அரை மணியைக் கழிக்கத் தெரியாமல் பேரப்பிள்ளை தினமும் என்னிடம் தோற்றான். மருமகன் சிங்கப்பூர் – நியூயார்க் விமானத்தைப் பற்றிச் சொன்னார்: 15,300 கிலோமீட்டருக்கு மேல், நிற்காமல் 18 மணி நேரத்துக்கு மேல். 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தை ஒட்டிப் பறந்து பெங்களூருவில் இறங்கிய விமானத்தைப் பற்றியும் சொன்னார், விமானிகள் எல்லாருமே பெண்கள். நான் பதிலுக்கு என் கணக்கைச் சொன்னேன். ஒரு சிங்கிள், அதாவது ஒரு வழி, 70 கிலோமீட்டர், நாளைக்கு நாலு சிங்கிள், வருஷத்துக்கு 250 நாள், 28 வருஷம்: 19,60,000 கிலோமீட்டர். நிலவு இருப்பது 3,84,400-ல். இரண்டு தடவை போய் வந்து, மூன்றாவது தடவை போய்ச் சேர்ந்திருக்கிறேன். எல்லாம் நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரம் தம்பானூருக்கும் நடுவில். மருமகன் அதற்குப்பிறகு விமானத்தைப் பற்றிப் பேசவில்லை.

திரும்பும்போது டொரண்டோவிலிருந்து துபாய்க்குப் பன்னிரண்டரை மணி நேரம்தான். போகும்போது 14 மணி 10 நிமிஷம். அதே 11,080 கிலோமீட்டர். ஆரல்வாய்மொழியில் ஆடி மாசம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். நாகர்கோவிலிலிருந்து முப்பந்தல் பக்கம் போகும்போது மிதிக்கவே வேண்டாம், காற்றே தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்பி வரும்போது இறங்கித் தள்ள வேண்டும். வானத்திலும் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறுபோல ஓடுகிறது, ஜெட் ஸ்ட்ரீம் என்கிறார்கள். சில நாள் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். கிழக்கே வருகிறவர்கள் அதில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள். மேற்கே போகிறவர்கள் ஒதுங்கி வடக்கே சுற்றிப் போகிறார்கள். 2020 பிப்ரவரியில் ஒரு புயல் நாளன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு விமானம் ஐந்து மணி நேரத்துக்குள், 4 மணி 56 நிமிஷத்தில், வந்து சேர்ந்தது. வழக்கமாக ஆறரை, ஏழு ஆகும்.

துபாயில் பத்து மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். அதைப் பற்றி எழுதினால் படிக்கிற உங்களுக்கும் பத்து மணி நேரம் ஆகும். விட்டுவிடுகிறேன்.

திருவனந்தபுரத்தில் இறங்கியது அதிகாலை 3.20. பெட்டி எடுத்து வெளியே வர நாலரை. அதே டிரைவர் பையன்தான் வந்திருந்தான். "பைபாஸா?" என்றான். "வேண்டாம் மக்கா, பழைய ரோட்டுல போ" என்றேன்.

கரமனை தாண்டி ஆளில்லாத ரோடு. பாலராமபுரம் சந்திப்பில் ஒரு சாயாக்கடை மட்டும் விளக்குப் போட்டிருந்தது. நெய்யாற்றின்கரையில் ஒரு லாரிகூடக் குறுக்கே இல்லை. என் சர்வீஸில் ஒரு தடவைகூட இப்படிப் பார்த்ததில்லை. நான் என்னை அறியாமல் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தேன்: அமரவிளை. உதியன்குளங்கரை. பாறசாலை. இஞ்சிவிளை. களியக்காவிளையில் போர்டு எல்லாம் தமிழுக்கு மாறியது. படந்தாலுமூடு.

தூங்கிக்கொண்டிருந்தாள் என்று நினைத்த வீட்டுக்காரி கண்ணைத் திறக்காமலே, "குழித்துறை ரெண்டு" என்றாள்.

"சில்லறை இருக்கா?" என்று கேட்டேன்.